வவ்வாக் கல்லுக்குள் ஒரு ஸ்டோர்

எங்கள் தோட்டத்தில் இரண்டு ஸ்டோர்கள் இருந்தன. ஒன்றில் தேயிலை அரைத்தார்கள். மற்றதற்கு அந்தப் பெயரை வைத்தவன் நான். அந்தப் பெயரால்தான் மாமா இரண்டு நாள் போலீஸ் பிடியில் இருந்தார்.

தேயிலைத் தொழிற்சாலையைத் தோட்டத்தில் யாரும் தொழிற்சாலை என்று சொல்வதில்லை, ஸ்டோர் என்போம். தோட்டத்தை நடத்தும் துரை இருப்பது பங்களா, தொழிலாளர்கள் நாங்கள் இருக்கும் வரிசை வீடுகள் லயம். அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பக்கத்து டவுன் பண்டாரவளைக்கே இரண்டு முறைதான் போயிருந்தேன். எனக்குத் தெரிந்த கட்டடங்கள் இவ்வளவுதான்.

மாமா, அம்மாவின் தம்பி. பண்டாரவளையில் ஒரு மரக்கறிக் கடையில் மூட்டை ஏற்றி இறக்கினார். மரக்கறி சுற்றிவரும் பழைய பேப்பரை ஒன்று விடாமல் வாசிப்பார். அதில் ஒன்றில், உங்கள் ஊரில் அதிகம் பேர் அறியாத இடம் இருந்தால் படம் வரைந்து அனுப்புங்கள் என்று போட்டிருந்தது. அதைப் பார்த்ததிலிருந்து அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

எங்கள் மலை உச்சியில், தேயிலை முடிந்து மானாப்புல் தொடங்கும் இடத்தில், வவ்வாக் கல்லு இருந்தது. பெரிய பாறை. அதன் அடியில் ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு ஓட்டை. உள்ளே முனி இருக்கிறது என்றார்கள், முன்பு ஒரு மாடு போய்த் திரும்பவில்லை என்றார்கள். சொன்னவர்களில் ஒருவரும் உள்ளே போனதில்லை.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் நானும் மாமாவும் போனோம். ஒரு டோர்ச், என் அப்பியாசக் கொப்பி, அளப்பதற்கு அம்மாவின் கொழுந்துக் கூடைக் கயிறு. மாமா கயிற்றின் ஒரு நுனியைப் பிடித்துக்கொள்வார். நான் மறு நுனியோடு ஊர்ந்து போவேன். ஒடுக்கமான இடமெல்லாம் என் பங்கு.

முதலில் வந்தது ஒரு பெரிய அறை. எங்கோ மேலே இருந்த வெடிப்பு வழியாகக் காற்று புகுந்து ஓயாமல் இரைந்துகொண்டிருந்தது.

“மாமா, ஸ்டோரு ஓடுற மாதிரியே இருக்கு.”

“அப்ப ஸ்டோருன்னே எழுதிக்கடா. பேரில்லாத எடத்த எவன் பேப்பர்ல போடுவான்?”

அப்புறம் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. வவ்வால்கள் வரிசையாகத் தொங்கிய நீளமான சந்து லயம் ஆனது. அதற்கு அப்பால் உயரத்தில், ஈரமில்லாமல் சுத்தமாக இருந்த மேடை பங்களா. பாறையின் மறுபக்கம் திறந்த சின்ன ஓட்டைக்குப் பின்வழி என்று வைத்தேன். மாமா கொப்பித் தாளில் படம் வரைந்து, எல்லாப் பெயரையும் அழகான கையெழுத்தில் எழுதி, அம்புக்குறி போட்டு, எது எத்தனை கயிறு நீளம் என்றும் குறித்தார்.

திங்கட்கிழமை காலை அதைத் தபாலில் போடச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். பஸ்ஸில் ஒரு பொட்டலம் கிடந்தாலே குண்டு என்று ஆட்கள் இறங்கி ஓடிய போர்க்காலம் அது. சந்தியில் போலீஸ்காரர்கள் எல்லோரையும் இறக்கிச் சோதித்தார்கள். மாமாவின் பையில் இருந்த தாளைப் பிரித்தால், ஸ்டோர், பங்களா, லயம், பின்வழி! ஒரு தோட்டத்தில் முக்கியமான எல்லாமே அதில் இருந்தன. போகும் வழி கூட அம்புக்குறியோடு இருந்தது. குண்டு வைக்கப் போட்ட படம் என்று மாமாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

செய்தி மறுநாள் காலையில்தான் எங்களுக்கு வந்தது. அப்பா மொனராகலைப் பக்கம் கரும்பு வெட்டப் போயிருந்தார். அம்மா கொழுந்து பறிக்கப் போகாமல் என்னை இழுத்துக்கொண்டு தோட்ட ஆபீசுக்கு ஓடினார்.

“ஸ்டோர் படம் வச்சிருந்தானாமே? என்னாம்மா இதெல்லாம்?” என்றார் பெரிய கிளாக்கர்.

“அவன் மூட்ட தூக்குறவன்ங்கய்யா. அவனுக்கு என்னா தெரியும்?”

அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். உண்மை தெரிந்தது எனக்கு மட்டும். ஆனால் பெரிய ஆட்கள் முன்னால் எனக்கு வாய் வராது, இன்றைக்கும் அப்படித்தான். அம்மா அழத் தொடங்கிய பிறகுதான் சேலையைப் பிடித்து இழுத்தேன்.

“அது நான் வச்ச பேரு.”

“என்னடா?”

“வவ்வாக் கல்லுக்கு. கயிறு போட்டு அளந்தோம்.”

முதுகில் ஓர் அடி விழுந்தது. “கூடக் கயித்த ரெண்டு வாரமா தேடுறேன்டா, பாவி!” என்று சொல்லிவிட்டு, அம்மா என்னைச் சேர்த்துக் கட்டிக்கொண்டார். பெரிய கிளாக்கர் போனை எடுத்தார்.

அடுத்த நாள் காலை ஜீப் வந்தது. முன்னால் பருத்த ஒரு சார்ஜன்ட், பின்னால் இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவே மாமா. சார்ஜன்ட் படத்தை விரித்து, ஸ்டோர் எங்கே என்று சிங்களத்தில் கேட்டார். தேயிலை ஸ்டோர் எல்லோருக்கும் தெரிய எதிரிலேயே நின்றது. நான் மலை உச்சியைக் காட்டினேன்.

சார்ஜன்ட் மூச்சு வாங்க ஏறி வந்தார், பின்னால் மற்ற எல்லோரும். என்னை முன்னால் விட்டு அவரும் நுழைந்தார். “இது ஸ்டோரு” என்று காட்டினேன். டோர்ச்சைப் படத்தில் அடித்தார், சுவரில் அடித்தார். லயத்தில் இருந்த வவ்வால்கள் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பின. அவர் தொப்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பிறகு அந்த இருட்டில் அவர் சிரிக்கத் தொடங்கினார். வவ்வாக் கல்லே சிரிப்பது போல் இருந்தது.

வெளியே வந்து, முழங்காலில் சேற்றோடு ஏதோ சொன்னார். பெரிய கிளாக்கர் மொழிபெயர்த்தார்: “பங்களாவுக்குப் போக அவரு வயித்துக்கு எடம் பத்தலயாம். தொரமாருக்கு மட்டுந்தானா வழின்னு கேக்குறாரு.”

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரித்துக்கொண்டே அழுதார். மாமாவை அங்கேயே விட்டுவிட்டார்கள். படத்தை மட்டும் சார்ஜன்ட் மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். நான் அதைக் கேட்கக் கையை நீட்டினேன், அம்மா கையைத் தட்டிவிட்டார்.

இறங்கி வரும்போது மனம் லேசாக இருந்தது. அம்மா அன்று காலையிலேயே தேங்காய் ரொட்டி சுடுவதாகச் சொல்லிக்கொண்டு முன்னால் வேகமாகப் போனார். மாமா மட்டும் உள்ளங்காலை முழுதாக ஊன்றாமல், ஒவ்வொரு படியாகப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்தார்.

“வவ்வாக் கல்லுன்னு சொல்லியிருந்தா அன்னிக்கே விட்டிருப்பாங்கல்ல மாமா?”

“சொன்னேன்டா. ரெண்டு நாளும் அதத்தான் சொன்னேன்.”

கடையில் நாள் முழுக்கச் சிங்களத்தில் பேசுகிறவர் அவர். ஆனாலும் அவருக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை என்றுதான் நினைத்தேன். அடுத்த முறை பிடித்தால் நானும் கூட வந்து சொல்கிறேன் என்று பெருமையாகச் சொன்னேன். மாமா நின்று, என் தலையில் கையை வைத்து, “நீ வராதடா” என்றார்.

என்னைச் சேர்த்துக்கொள்ள மாட்டேன் என்கிறாரே என்று, அன்று பொழுதுசாயும் வரை நான் அவரோடு பேசவில்லை.