டயலில் இடித்துக்கொண்ட இரண்டு எழுத்துகள்

அச்சகத்தில் அவளுக்குக் கமா அக்கா என்று பெயர். இருபத்திரண்டு வருடமாகப் புரூஃப் பார்க்கிறாள். பாடப்புத்தகமோ மருந்து அட்டையோ, அவள் கண்ணுக்குத் தப்பி ஒரு கமா வெளியே போனதில்லை.

அப்படிப்பட்டவளுக்குப் சாவி கொடுக்கும் பழைய வாட்ச் ஒன்றின் மேல் ஆசை வந்தது. மூன்று மாதம் அதைப் பற்றி ஃபோனில் படித்துப் படித்து, கடைசியில் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் ஒருவரின் வீட்டில் வாங்கினாள்.

"எங்க வீட்டுக்காரர் கட்டினது. எல்லாம் ஒரிஜினல்தான்மா" என்றார் டீச்சர்.

அசலா என்று அறியப் பின்மூடியைத் திறந்து உள்ளே இருக்கும் நம்பரைப் பார்க்க வேண்டும் என்று படித்திருந்தாள். கணவரைப் பறிகொடுத்து ஆறு மாதம்கூட ஆகாத வீட்டில் அதை எப்படிக் கேட்பது? பேசாமல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

மறுநாள் பஸ்ஸில் வெயில் சாய்வாக டயலில் விழுந்தபோதுதான் கவனித்தாள். கம்பெனிப் பெயரின் கடைசி இரண்டு எழுத்துகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. அசல் டயலில் இப்படி இருக்காது. அன்று புரூஃபில் ஒரு வரி, வாட்சில் ஒரு பார்வை என்று பொழுது போனது. ஒரு பத்தியையே விட்டுவிட்டாள்.

"ஓடுதில்ல? அப்புறம் என்ன?" என்றார் அவள் கணவர் அன்றிரவு.

"ஓடுறது இல்லீங்க பிரச்சினை. அசலான்னு தெரியணும்."

"என்னையும் இப்படி லென்ஸ் வச்சுப் பாத்துதான் கட்டிக்கிட்டியா?"

"பாத்திருந்தா கட்டியிருப்பேனா?"

சனிக்கிழமை வாட்ச் ரிப்பேர்க்காரர் மூடியைத் திறந்து பார்த்தார். "மெஷின் அசல். நம்பரும் சரியா இருக்கு. டயல்ல மட்டும் யாரோ புதுசா பெயின்ட் அடிச்சு எழுதியிருக்காங்க."

அங்கிருந்து நேராக டீச்சர் வீட்டுக்குப் போனாள். படியில் இரண்டு முறை திரும்பிவிடப் பார்த்தாள். பிறகு கதவைத் தட்டி, ஒரே மூச்சில் விஷயத்தைச் சொல்லிவிட்டாள்.

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"நீ கண்டுபிடிச்சிட்டே. அவர் கடைசிவரைக்கும் கண்டுபிடிக்கல. அவர் ஜுரமா படுத்திருந்தப்ப, பையில வாட்ச் இருக்கிறது தெரியாம சட்டையை ஊறப் போட்டுட்டேன். டயல் கறுத்துப் போச்சு. அவர் எழுந்திருக்கிறதுக்குள்ள கடையில குடுத்து எழுதி வாங்கினேன். அப்புறம் பதினெட்டு வருஷம் கட்டினார். மறைச்சு மறைச்சுப் பழகிட்டேன்மா, உன்கிட்டயும் அதே பொய்தான் வாயில வந்துச்சு. வேணாம்னா திருப்பிக் குடுத்துரு."

கமா அக்கா கோபத்தோடுதான் வந்திருந்தாள். அது எங்கே போனது என்று தெரியவில்லை. ஆனால் வாய் சும்மா இருக்கவில்லை.

"பதினெட்டு வருஷம் தினமும் பாத்திருப்பாரே டீச்சர். நெஜமாவே தெரிஞ்சிருக்காதா?"

டீச்சர் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஏன்தான் கேட்டோமோ என்று கமா அக்காவுக்கு ஆகிவிட்டது. வாட்சைத் திருப்பிக் கொடுக்க மனம் வராமல், அதைக் கட்டிக்கொண்டே வீடு திரும்பினாள்.

புதன்கிழமை டீச்சரிடமிருந்து ஃபோன்.

"அந்த எழுத்து நல்லாத் தெரியுதாம்மா? கண்ணாடி போடாதவங்களுக்கும் தெரியுமா?"

"கொஞ்சம் உத்துப் பாக்கணும் டீச்சர்."

"அவர் எதையும் உத்துத்தான் பாப்பாரு" என்றார் டீச்சர். பிறகு, "நாளைக்கு அதைக் கொஞ்சம் கொண்டு வர்றியா? நானே ஒரு தடவை பாக்கணும்" என்றார்.