ஒட்டுக்கேட்காத தொலைபேசி

எத்தியோப்பியாவிலிருந்து அமெரிக்காவின் சியாட்டிலுக்கு வந்த புதிதில் வொய்ன்ஷெட் மருத்துவமனையில் தரை துடைத்தாள். மாலையில் கல்லூரியில் கணினி படித்தாள். ஒருநாள் வார்டில் திரைக்குப் பின்னால் தன் மொழியான அம்ஹாரிக்கில் பேச்சு கேட்டது. ஒரு கர்ப்பிணிக்குக் கணவனே மொழிபெயர்த்துக்கொண்டிருந்தான். “வயிற்றில் எப்படி அடிபட்டது?” என்று மருத்துவர் கேட்டதை மட்டும் அவன் மனைவியிடம் சொல்லவில்லை. “படியில் விழுந்துட்டா” என்று அவனாகவே பதில் சொன்னான்.

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வொய்ன்ஷெட் உள்ளே போனாள். அந்தக் கேள்வியைத் தானே அந்தப் பெண்ணிடம் கேட்டாள். அவள் அழ ஆரம்பித்தாள். வொய்ன்ஷெட்டுக்கு வேலை போயிற்று.

அதிலிருந்து பிறந்ததுதான் அவளுடைய நிறுவனம். ஒரு எண்ணை அழைத்தால் அரை நிமிடத்தில் நம் மொழி தெரிந்த பெண் பேசுவாள். மருத்துவர் சொல்வதை நமக்கும் நாம் சொல்வதை அவருக்கும் எடுத்துச் சொல்வாள். ஒன்பது வருடத்தில் அது பல மாநிலங்களுக்குப் பரவியது. பெரிய நிறுவனம் ஒன்று நல்ல விலை கொடுத்து வாங்கிக்கொண்டது. கிடைத்ததில் அறக்கட்டளை தொடங்கி, சியாட்டிலில் இருந்த தன் ஊர்ப் பெண்களுக்காகக் கட்டணத்தைத் தானே கட்டி, அந்தச் சேவையை இலவசமாக்கினாள்.

ஒருத்தியும் அழைக்கவில்லை.

தன் ஊர் அப்பமான இஞ்சேரா விற்கும் கடை வைத்திருந்த இத்தெனெஷிடம் போய் உட்கார்ந்தாள்.

“அக்கா, சும்மா குடுத்தாலும் ஏன் யாரும் கூப்பிட மாட்டேங்கறாங்க?”

“சும்மா குடுக்கறதாலதான்.” இத்தெனெஷ் காப்பியை ஊற்றினாள். “எங்க அண்ணனை எதுக்குப் பிடிச்சிட்டுப் போனாங்க? போன்ல சொன்ன ஒரு வார்த்தைக்கு.”

“அது அந்த ஊரு, அந்த ஆட்சி. இங்க யாரு ஒட்டுக் கேக்கப்போறா அக்கா?”

“இங்க கேக்கறவன் நல்ல சட்டை போட்டிருப்பான். அவ்வளவுதான்டி வித்தியாசம். வித்தவ நீ. வாங்கினவன் என்ன செய்யறான்னு பாத்தியா?”

பார்க்கவில்லை. வீடு திரும்பும் வழியெல்லாம் அது உறுத்தியது. பேச்சைப் பதிவு செய்ய மாட்டோம் என்று விற்பனை ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது; அதை நம்பித்தான் கையெழுத்துப் போட்டாள்.

புதிதாக இரண்டு தொலைபேசிகள், இரண்டு எண்கள் வாங்கினாள். ஒன்றிலிருந்து அந்தச் சேவையை அழைத்து, வேறு பெயரில், சிறுநீரகக் கல் என்று பேசினாள். மற்றொன்றில் சர்க்கரை வியாதி என்றாள். இரண்டு எண்களையும் வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் முதல் எண்ணுக்குக் கல் கரைக்கும் மாத்திரை விளம்பரம் வந்தது. மறுநாள் இரண்டாவது எண்ணுக்குச் சர்க்கரை அளக்கும் கருவி.

அவள் ஒப்பந்தத்தை எடுத்து மறுபடி படித்தாள். தான் கட்டிய வீட்டிலேயே யாரோ சுவரில் காதை வைத்துக்கொண்டிருந்தார்கள்.

வாங்கிய நிறுவனத்தைப் பற்றி வெளியே தவறாகப் பேசினால் விற்ற பணத்தில் பெரும்பகுதியைத் திருப்பித் தர வேண்டும் என்பதும் அதே ஒப்பந்தத்தில் இருந்தது. “வாயை மூடிக்கிட்டு இருங்க” என்றார் அவளுடைய வக்கீல். அந்த ஞாயிறு, பூசை முடிந்ததும், தேவாலயக் கூடத்தில் பெண்களுக்கு முன்னால் நின்றாள்.

“நீங்க சந்தேகப்பட்டது சரி. நான்தான் ஏமாந்தேன்.” விளம்பரம் வந்த இரண்டு தொலைபேசிகளையும் அவர்கள் கையில் கொடுத்தாள்.

அந்த நிறுவனம் அவள்மேல் போட்ட வழக்கு இரண்டரை வருடம் நடந்தது. மருத்துவமனைகள் ஒவ்வொன்றாக அந்த நிறுவனத்தை விட்டு விலகின. பணத்தைத் திருப்பிக் கொடுத்ததில் வொய்ன்ஷெட்டின் பெரிய வீடும் போயிற்று. மிஞ்சியதில், இஞ்சேரா கடைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு கூடம் வாடகைக்கு எடுத்து, தொலைபேசியில் மொழிபெயர்க்க முப்பது பெண்களைச் சம்பளத்துக்கு அமர்த்தினாள். பேச்சு எங்கும் பதிவாகாது. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

முதல் நாளே இத்தெனெஷ் வந்தாள். மேசைகளுக்கு அடியில் குனிந்தாள், ஒயர் ஒவ்வொன்றும் எங்கே போகிறது என்று கேட்டாள், பூட்டியிருந்த அலமாரியைத் திறக்கச் சொன்னாள். உள்ளே சர்க்கரையும் காப்பிக்கொட்டையும்தான்.

“சரி, மத்தவங்களைக் கூப்பிடச் சொல்றேன்” என்றாள்.

“நீங்க கூப்பிட மாட்டீங்களா அக்கா?”

“எனக்கு வியாழக்கிழமை முட்டி டாக்டர். போன் வேண்டாம், நீயே கூட வந்துடு.”