கடலூர் வாசகசாலையில் சிந்திய விபூதி

காலை ஆறு மணிக்குத் திருத்தணியில் ரயில் ஏறினோம். நான், என் மனைவி, பத்து வயது வள்ளி, ஆறு வயது சேகர். ரயில்வேயில் சரக்கு குமாஸ்தா என்பதால் எனக்குப் பாஸ் உண்டு. கடலே பார்க்காத குடும்பத்தைக் கடலுக்குக் கூட்டிப்போகும் தைரியத்தைக் கொடுத்தது அந்தப் பாஸ்தான். எட்டு மைலில் அரக்கோணம். அங்கே ஒரு மாற்றல், செங்கற்பட்டில் ஒன்று, விழுப்புரத்தில் ஒன்று. கடலூர் சேர்வதற்குள் விளக்கு வைத்துவிட்டார்கள்.

முந்தின நாள்தான் மலையில் எனக்கும் சேகருக்கும் முடியிறக்கிச் சந்தனம் பூசியிருந்தது. எதிர்ப் பெஞ்சுக்காரர் எங்கள் தலைகளைப் பார்த்து, "திருத்தணியா, திருப்பதியா?" என்று மட்டும் கேட்டார். வேறெதுவும் கேட்க அவசியமிருக்கவில்லை.

மறுநாள் காலை தேவனாம்பட்டினம் கடற்கரை. பத்து மணி வெயிலில் புது மொட்டை அப்பளமாய்ப் பொரியும் என்பதை அங்கேதான் கற்றேன். சேகர் அழுதான். நான் பெரியவனாகையால் அழவில்லை, முனகினேன்.

"கடல் எங்கயும் ஓடிப்போவாதுங்க. மொதல்ல நெழலுக்குப் போலாம்" என்றாள் மனைவி.

"நெழலும் காத்தும் வேணும்னா வாசகசாலைக்கு உடறேன். சாயங்காலம் ஆறு வரைக்கும் யாரும் எழுப்ப மாட்டாங்க" என்றார் ஜட்காக்காரர்.

வாசகசாலையின் லைப்ரரியன் கறுப்புக் கோட்டு போட்டவர். எங்களைப் பார்த்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை: "மொட்டைத் தலையை மேஜைமேல் சாய்க்கக் கூடாது. சந்தனம் ஒட்டும்."

எங்கள் திருத்தணி அப்போது தெலுங்கு ஜில்லாவில் இருந்ததால் வள்ளிக்குப் பள்ளிக்கூடத்தில் எல்லாம் தெலுங்கு. தமிழ் படிக்கக் கற்றது மளிகைப் பொட்டலக் காகிதத்தில். கதை எப்போதும் பாதியில் கிழிந்திருக்கும். இங்கே ஒரு சுவர் முழுக்கக் கிழியாத கதைகள். புயலில் மாட்டிய படகுக்காரன் மகளைப் பற்றிய தடிப் புத்தகம் ஒன்றை எடுத்து உட்கார்ந்தவள், ஆறு மணிக்கு மணியடிக்கும்வரை நிமிரவில்லை. அப்போதும் பாதிதான் முடிந்திருந்தது. வெளியூர்க்காரர்கள் புத்தகத்தை எடுத்துப்போக முடியாது. மறுநாள் சாயங்காலம் ஏழரைக்கு எங்களுக்கு ரயில்.

"எந்தப் பக்கம்னு மறந்துட்டா இன்னா பண்றது நைனா?"

நான் சட்டைப் பையிலிருந்து மலை விபூதிப் பொட்டலத்தை எடுத்து அந்தப் பக்கத்தில் செருகினேன். எங்கள் ஊரில் விபூதிப் பொட்டலம் இல்லாத கணக்குப் புத்தகமோ பள்ளிக்கூடப் பையோ கிடையாது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் பகல் இரண்டு மணிக்குப் போனோம். லைப்ரரியன் மேல்தட்டிலிருந்து புத்தகத்தை உருவினார். பொட்டலம் பிரிந்து, கறுப்புக் கோட்டு முழுக்க வெள்ளை.

"யார் வேலை இது?"

நான் சட்டென்று சேகரை முறைத்தேன். பயல், "நைனாதான்!" என்று கூடமே கேட்கக் கத்தினான்.

"பக்கம் பக்கமாகத் துடைத்துக் கொடுங்கள். அதுவரை இது யாருக்கும் கிடையாது" என்றார் லைப்ரரியன். வள்ளிக்குக் கண் நிறைந்துவிட்டது.

மேல்துண்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பொட்டலம் இருந்த பக்கத்திலிருந்து தொடங்கினேன். வள்ளி என் தோளில் ஒட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தாள். நான் பக்கத்தைத் திருப்பப் போனபோது, "மெதுவா நைனா, படிச்சிகினு இருக்கேன்" என்று காதில் சொன்னாள்.

அப்புறம் கேட்க வேண்டுமா? ஆபீசில் எந்த வேலையையும் ஒரு தடவைகூட ஒழுங்காகச் செய்யாதவன், ஒவ்வொரு பக்கத்தையும் மூன்று தடவை துடைத்தேன். லைப்ரரியன் அந்தப் பக்கம் வந்தபோதெல்லாம், 'போதும்' என்று சொல்லிவிடுவாரோ என்று இன்னும் அழுத்தித் துடைத்தேன்.

ஆறு மணி அடித்தது. எல்லோரும் போய்விட்டார்கள். படகுக்காரன் மகள் இன்னும் நடுக்கடலில். சாவிக்கொத்தோடு லைப்ரரியன் வந்து நின்றார்.

"பொட்டலம் இருந்தது நடுப்பக்கத்தில். நீங்கள் கடைசி அத்தியாயத்தைத் துடைக்கிறீர்களே?"

"ஆங்... விபூதி பறக்குமுங்க" என்றேன்.

அவர் வள்ளியைப் பார்த்தார். அவள் நிமிரவேயில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சாவியை மேஜைமேல் வைத்தார்.

"பறக்கும், பறக்கும். எதற்கும் கடைசி வரி வரைக்கும் துடைத்துவிடுங்கள்."

ஜட்காக் குதிரை புண்ணியத்தில் ரயிலைப் பிடித்தோம். "அந்தப் பொண்ணு கரை சேந்துட்டா நைனா" என்று சொல்லிவிட்டு வள்ளி தூங்கிப்போனாள்.

எங்கள் ஊரில் மலை இருக்கிறது, ரயில் இருக்கிறது. அப்படி ஒரு மேஜை மட்டும் இல்லை. அடுத்த கிருத்திகைக்கு மலையேறி, கறுப்புக் கோட்டுக்காரர் நன்றாயிருக்க வேண்டுமென்று கும்பிட்டேன். இறங்கும்போது வள்ளி கையில் இரண்டு விபூதிப் பொட்டலம்.

"ரெண்டு எதுக்கும்மா?"

"ஒண்ணு வீட்டுக்கு. ஒண்ணு அடுத்த வருஷம் கடலூருக்கு. அதவிடத் தடியா ஒரு புஸ்தகம் பாத்து வெச்சிருக்கேன் நைனா."