அஞ்சாவது கியர்

ஊரில் எல்லோரும் அவரை ஹாரன் என்றுதான் கூப்பிடுவார்கள். பக்கத்தில் நிற்பவரிடம் பேசினாலும் தெருக்கோடி வரை கேட்கும். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? நாலே கியர் உள்ள பழைய பிக்கப்பில் செங்கல் ஏற்றி, இன்ஜின் கூச்சலுக்கு மேல் கத்திக் கத்திப் பழகிய தொண்டை அது.

கல்யாணமான நாளிலிருந்து வீட்டம்மாவும் பக்கத்து சீட்டில் ஏறிக்கொள்வார். சூளையில் உடைசலைப் பொறுக்கித் தள்ளுவது அவர் வேலை. வழி நெடுகப் பேசுவது அவர் சந்தோஷம். போன மழைக்காலத்தில் வீட்டம்மாவுக்குத் தொண்டையில் ஆபரேஷன். உயிர் பிழைத்தது பெரிய விஷயம். குரல் பாதிதான் திரும்பியது. கத்தவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்த வண்டியில் கத்தாமல் எப்படிப் பேசுவது? வருவதையே நிறுத்திவிட்டார். காலி சீட்டோடு ஓட்டிப் பார்த்த ஹாரன், ஒருநாள் இன்ஜின் சத்தத்தைக் குறைக்க வழி கேட்டு மெக்கானிக்கிடம் போனார்.

மெக்கானிக்கிடம் பழைய கியர்பாக்ஸ் இரண்டு இருந்தன. இரண்டிலும் அஞ்சாவது கியர் உண்டு. ஓவர்டிரைவ் என்பார்கள், வண்டி அதே வேகத்தில் ஓடும், இன்ஜின் மட்டும் நிதானமாகச் சுற்றும்.

"பெருசை எடுங்கண்ணே. முதல் கியர்ல மலையையே இழுக்கும். என்ன, சத்தம் கொஞ்சம்தான் குறையும். சின்னதுல நல்லாக் குறையும், ஆனா செங்கல் லோடு தாங்காது. கியர் பல்லெல்லாம் கொட்டிடும்."

"சின்னதையே மாட்டு."

"மூளை கீளை கழண்டுடுச்சா? லோடு அடிக்காம என்னண்ணே பண்ணுவீங்க?"

"பாதி லோடு அடிப்பேன். இல்லேன்னா பஞ்சு மூட்டை ஏத்துவேன். உனக்கென்னடா?"

மாட்டிய மறுநாள் வீட்டம்மாவைக் கெஞ்சிக் கூத்தாடி வண்டியில் ஏற்றினார். நெடுஞ்சாலையில் அஞ்சாவது கியர் விழுந்ததும் இன்ஜின் பெட்டிப்பாம்பாய் அடங்கியது.

"பேசு, கேக்குது!" என்று ஊரைக் கூட்டினார்.

"கத்தாதீங்க," என்றார் வீட்டம்மா. கொஞ்ச தூரம் போனபின், "இத்தனை வருஷமா நான் நடுநடுவுல மெதுவாச் சொன்னதுக்கெல்லாம் 'ம்'னு தலையாட்டினீங்களே. ஒரு வார்த்தையாவது காதுல விழுந்துச்சா?"

ஹாரன் திருதிருவென்று முழித்தார். பொய் சொல்ல மனம் வரவில்லை. "இல்லை."

"தெரியும். அந்தத் தைரியத்துலதான் மனசுல இருந்ததையெல்லாம் கொட்டினேன்."

ஹாரனின் குரல் முதல்முறையாகத் தணிந்தது. சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "இன்னொரு தடவை சொல்லேன்," என்றார்.

"என்ன சொன்னீங்க?" என்று அவர் பக்கம் சாய்ந்தார் வீட்டம்மா. "காதுல விழலை."