ஜோலார்பேட்டையில் கண்ணயர்ந்தவரின் கொள்ளுப்பேரன்

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பேசியது சரோஜா அக்கா, ராஜமாணிக்கத்தின் உடன்பிறந்த அக்கா.

"சேகரு, மாணிக்கம் போயிட்டான்ப்பா. காபி கேட்டான். போட்டு எடுத்துட்டு வந்தேன், ஆள் இல்ல."

வாயில் இருந்த பற்பசையைத் துப்பினேன். அக்காவே தொடர்ந்தார்: "இன்னிக்கு எடுக்கல. ஈரோட்டுக்காரங்க வந்து சேரணும். நாளைக்குக் காலைல பத்து மணி. வந்துடு."

ஈரோட்டுக்காரர்கள் யார் என்று நம் தொழிற்சாலை நண்பர்கள் பலருக்குத் தெரியாது. வேலையில் இருந்தவரை மாணிக்கத்துக்கே தெரியாது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நம் தொழிற்சாலையில் மாணிக்கத்தைத் தெரியாதவர் இல்லை, பிடித்தவர்கள்தான் குறைவு. டைம் ஆபீஸில் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து, யார் எத்தனை நிமிஷம் தாமதம் என்று சிவப்பு மையில் எழுதுகிறவரை யாருக்குப் பிடிக்கும்? அதே அறையில் அடுத்த மேஜை என்னுடையது. ஒருநாள் பெங்களூர் ஆஸ்டின் டவுன் வீட்டிலிருந்து வரும் வழியில் அவருடைய சைக்கிள் செயின் கழன்று, ஆறு நிமிஷம் தாமதமாக வந்தார். வந்ததும் தன் பெயருக்கு ஒரு மெமோ எழுதினார். அதற்குத் தானே விளக்கம் எழுதினார். பிறகு விளக்கத்தின் அடியில், "ஏற்கத்தக்கதல்ல" என்று குறிப்பெழுதிக் கையெழுத்திட்டார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "ஆபீஸ் வேலைய்யா இது. சும்னே சிரிக்காதே" என்றார், பாதிக் கன்னடத்தில்.

ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு நேரம் குறிக்க ஆளில்லாமல் போனது. மனைவி முன்பே காலமாகியிருந்தார். அக்காவும் அவரும்தான் வீட்டில். அப்போது அக்காவுக்கு ஒரு யோசனை வந்தது. குடும்ப வரலாற்றைச் சின்னப் புத்தகமாக அச்சிட்டு, சொந்தக்காரர்களைக் கூட்டி வெளியிட வேண்டும். வரலாறு தயாராகவே இருந்தது. கொள்ளுத் தாத்தா மாரப்பன் ரங்கூனில் பெரிய தேக்கு மர வியாபாரி. கப்பலில் ராஜா மாதிரி வந்து இறங்கி, பெங்களூரின் சீதோஷ்ணம் பிடித்துப்போய் இங்கேயே தங்கிவிட்டார். கப்பலின் பெயர் மட்டும் தெரியவில்லை. அதைக் கண்டுபிடிக்கும் வேலை தம்பிக்கு.

"ராஜா மாதிரி வந்தவரு, கண்டோன்மெண்ட் பேக்கரில ஏங்க்கா மாவு பெசஞ்சாரு?" என்று மாணிக்கம் கேட்டார்.

"அது பொழுதுபோக்கு" என்றார் அக்கா.

சென்னையில் பழைய காகிதங்களைப் பாதுகாக்கும் ஓர் அலுவலகத்துக்கு மாணிக்கம் மாதம் ஒருமுறை போய்வர ஆரம்பித்தார். அக்காவின் கட்டளைப்படி முதல் வகுப்புப் பயணிகளின் பட்டியலில் தேடினார். அங்கே எல்லாம் வெள்ளைக்காரர்கள். இரண்டாம் வகுப்பிலும் மாரப்பன் இல்லை. ஒன்றரை வருஷம் கழித்து ஒரு மத்தியானம் அங்கிருந்தே எனக்குப் போன் செய்தார்.

"யோவ் சேகர், ரெண்டு வகுப்புலயும் இல்லன்னா அவர் டெக்லதான் வந்திருக்கணும்யா. திறந்த மேல்தட்டுல. ஆனா டெக்ல வந்தவங்களுக்குப் பேரே எழுதல. இத்தனை பேர்னு ஒரு நம்பர், அவ்வளவுதான். அதே கப்பல்ல வந்த பெட்டிக்கெல்லாம் பேர் இருக்கு. மனுஷனுக்கு இல்ல. என்ன அட்டெண்டன்ஸ்யா இது?"

நாற்பது வருஷப் பழக்கத்தில் அவர் அவ்வளவு கோபப்பட்டு நான் கேட்டதில்லை. பெயரில்லாமல் ஒருவரை எண்ணிக்கையில் மட்டும் சேர்ப்பது அவருக்கு அநியாயமாகப் பட்டது.

அதோடு விட்டுவிடுவார் என்று நினைத்தேன். ஆனால் கண்ணாடி மாற்றுவதற்காக வீட்டில் இருந்த மாரப்பனின் ஒரே புகைப்படத்தைச் சட்டத்திலிருந்து எடுத்தபோது, அதன் பின்பக்கத்தில் ஓர் ஊரின் பெயர் பென்சிலில் எழுதியிருந்தது. ஈரோட்டுக்குப் பக்கத்து ஊர். மாணிக்கம் அந்த ஊருக்கு ஒரு கடிதம் போட்டார். முகவரி: "ரங்கூன் மாரப்பன் குடும்பத்தார்". இந்த முகவரிக்குப் போஸ்ட்மேன் அவரைத் தேடி வந்து திட்டப்போகிறார் என்று நான் சொன்னேன். பன்னிரண்டாம் நாள் பதில் வந்தது. குழந்தைசாமி என்ற மஞ்சள் வியாபாரி எழுதியிருந்தார். கூடவே, மாரப்பன் பெங்களூரிலிருந்து தன் தம்பிக்கு அனுப்பிய கடிதத்தின் ஜெராக்ஸ். அதை மாணிக்கம் எனக்கு வாசித்துக் காட்டினார்.

"தம்பிக்கு, க்ஷேமம். கப்பலில் நாலு நாளும் தலைசுற்றல், தூக்கமில்லை. சென்னைப் பட்டணத்தில் ரயில் ஏறினேன். ஜோலார்பேட்டையில் வண்டி இரண்டாகப் பிரியும், ஈரோட்டுக்கு வேறு பெட்டியில் ஏற வேண்டும் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. மத்தியான வெயிலில் கண்ணயர்ந்துவிட்டேன். விழித்தபோது பெங்களூர். அடுத்த வாரம் புறப்பட்டு வருகிறேன். என் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டுவிடவும்."

வாசித்து முடித்துவிட்டு மாணிக்கம் தாளை நாலாக மடித்தார். "ஹௌதா, அப்படியா, சீதோஷ்ணம் பிடிச்சுப்போச்சாம்" என்றார்.

அடுத்த வாரம் வருகிறேன் என்றவர் சாகும்வரை போகவில்லை. இந்தச் செய்தி மாணிக்கத்தைப் படாத பாடு படுத்தியது. மணப்பெண் என்ன ஆனாள்? குடும்பம் என்ன அவமானப்பட்டது? "நேர்ல போய் மன்னிப்புக் கேக்கணும்யா" என்றார். ஒரு வெள்ளைத்தாளில் மன்னிப்பை எழுதி எடுத்துக்கொண்டார். ஆஸ்டின் டவுன் பேக்கரியில் தேங்காய்ப் பூரணம் வைத்த தில்பசந்த் இரண்டு கிலோ வாங்கினார். துணைக்கு என்னை இழுத்துக்கொண்டு ரயில் ஏறினார்.

ஜோலார்பேட்டையில் வேண்டுமென்றே இறங்கினோம். பிளாட்பாரத்தின் கோடிவரை நடந்து, தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடத்தைப் பார்த்தபடி நின்றார்.

"சரி, தூங்கிட்டாரு. மறுநாள் வேற ரயில் இருந்திருக்குமே. ஏன் போகல?" என்று கேட்டேன்.

"முப்பது வருஷம் ஜன்னல்ல உக்காந்து பார்த்தவன் சொல்றேன், கேட்டுக்கோ. அஞ்சு நிமிஷம் லேட்டானவன் ஓடி வருவான். ஒரு மணி நேரம் லேட்டானவன் கேட் வரைக்கும் வந்து, என் மூஞ்சியப் பார்த்துட்டு, அப்படியே வீட்டுக்குத் திரும்பிடுவான். சோம்பேறித்தனம் இல்லய்யா. வெட்கம்."

பிறகு மெதுவாகச் சொன்னார்: "அந்த மூஞ்சியக் கொஞ்சம் சிரிச்ச மாதிரி வெச்சிருக்கலாம் நான்."

அந்த வீட்டுக்குப் போனபோது கூடம் நிறைய ஆட்கள். மாணிக்கம் உட்காரக்கூட இல்லை. தாளைப் பிரித்து, "எங்கள் கொள்ளுத் தாத்தாவின் சார்பாக" என்று தொடங்கினார். எழுபது வயதுக் குழந்தைசாமி கையமர்த்தினார்.

"ஏனுங்க, எதுக்குங்க மன்னிப்பு? பந்தல் போட்டாச்சு, சொந்தபந்தம் வந்தாச்சு, மாப்பிள்ளையக் காணோம். ரெண்டு நாள் பார்த்துட்டு, தம்பியப் புடிச்சு மணையில உக்கார வெச்சுட்டாங்க. அவரோட கொள்ளுப்பேரனுங்க நானு. உங்க தாத்தா மட்டும் ஒழுங்கா முழிச்சு இறங்கியிருந்தாருன்னா, இங்க இருக்கற ஒருத்தருமே பொறந்திருக்க மாட்டோமுங்க!"

கூடமே சிரித்தது. மாணிக்கம் அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு பையிலிருந்து நோட்டை எடுத்து, ஒவ்வொருவரிடமும் போய்ப் பெயர் கேட்டு எழுதிக்கொண்டார். கைக்குழந்தையின் பெயரைக்கூட விடவில்லை. எழுதும்போது கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைத்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ரங்கூனில் மாரப்பன் என்ன வேலை பார்த்தார் என்பதும் அங்கேதான் தெரிந்தது. மர அறுவை மில்லில் கட்டை இழுத்திருக்கிறார். இதை அக்காவிடம் சொல்வதை நினைத்து, திரும்பும் வழியெல்லாம் மாணிக்கத்துக்குப் பேஜார். வீட்டுக்குள் நுழைந்ததும் தலையைக் குனிந்தபடி சொல்லிவிட்டார். அக்கா ஒன்றுதான் கேட்டார்.

"இழுத்தது தேக்குதானே?"

"தேக்குதான்."

"அப்ப சரி."

புத்தகத்தில் "தேக்கு மரத் துறையில் பணியாற்றினார்" என்று அச்சாகியிருக்கிறது. பின்பக்கத்தில் இரண்டு குடும்பத்தின் பெயர்களும் ஒன்று விடாமல் இருக்கின்றன. மாணிக்கம் மூன்று முறை மெய்ப்பு பார்த்தார்.

இறுதிச் சடங்கன்று பத்து மணிக்கு முன்பே ஈரோட்டுக்காரர்கள் வந்து சேர்ந்துவிட்டார்கள். குழந்தைசாமி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் நின்றார். "பங்காளிங்க நாங்க. தோள் குடுக்கறது எங்க முறைங்க" என்றார். மாணிக்கத்துக்குப் பிள்ளை இல்லை. எட்டு வருஷங்களுக்கு முன் அவர்கள் இருப்பதே அவருக்குத் தெரியாது. கொள்ளி வைத்தது குழந்தைசாமியின் மகன்.

மாணிக்கத்திடமிருந்து நான் எடுத்துக்கொண்டது நேரந்தவறாமை அல்ல. அது எனக்கு வராது என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். கூசிக்கொண்டாவது நேரில் போய் நிற்பதைத்தான் எடுத்துக்கொண்டேன். கிருஷ்ணகிரியில் என் அண்ணன் இருக்கிறார். அவருடைய மகளின் கல்யாணத்துக்கு நான் போகவில்லை. அற்பமான ஒரு வீம்பு. பிறகு போக முகமில்லாமல் பதினோரு வருஷம் ஓடிவிட்டது. காரியம் முடிந்த மறுநாள் பஸ் ஏறினேன். அண்ணனே கதவைத் திறந்தார். முடி முழுக்க நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் பயந்துபோனார்.

"என்னடா, யாரு செத்துட்டாங்க?"

"ராஜமாணிக்கம்" என்றேன்.

"அது யாரு?"

"உள்ள வந்து சொல்றேண்ணா" என்று சொல்லிச் செருப்பைக் கழற்றினேன்.