பிள்ளையாருக்குத் தூக்கிய கை

1. கை

பஸ் ஓட்டும் லைசன்ஸுக்காக நான் மூன்று முறை சோதனைக்குப் போனவன். முதல் முறை என்னைக் கவிழ்த்தவை என் கைகள். இரண்டாம் முறை கண்கள். இப்போது லைசன்ஸ் எடுக்கப் போகும் தம்பிமார் ‘ரூல் கூடிப்போச்சு’ என்று முணுமுணுக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் காத்தான்குடி ஹாஜியார் ஒருவருடைய பஸ்ஸில் கொண்டக்டர். பஸ் மட்டக்களப்புக்கும் கல்முனைக்கும் ஓடியது. பழைய றைவர் திருகோணமலைக்குப் போகப்போவதாகச் சொன்னதும் ஹாஜியார் என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, நீ லைசன்ஸ எடு. பஸ் உன்ட கையில. எடுக்கல்லயோ, ஏறாவூரில என்ட மச்சினன் லைசன்ஸோட குந்திக்கிட்டு இரிக்கான்.”

புட்போட்டில் தொங்கியே கிழவனாகிவிடுவேனோ என்ற பயம் எனக்கு இருந்தது. ஓமென்றேன்.

மாதத்தில் ஒரு நாள் கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்குப் பரிசோதகர் வருவார். பறங்கியர், நாங்கள் ‘துரை’ என்போம்; தமிழ் நன்றாகப் பேசுவார். முதலில் வாய்ச் சோதனை, பிறகு எஞ்சின், கடைசியில் றோட்டு. மூன்று தடவை தவறினால் ஒரு வருடத்துக்கு விண்ணப்பமே போட முடியாது. துரைக்குக் கல்முனையில் வேறு அலுவலும் இருந்ததால் எங்கள் வெறும் பஸ்ஸிலேயே அதுவரை ஓட்டச் சொன்னார். சோதனையும் ஆயிற்று, அவருக்குப் பயணமும் ஆயிற்று.

கல்லடிப் பாலத்தை நான் எடுத்த விதத்தைப் பார்த்துத் துரையே தலையாட்டினார். எல்லாம் களுதாவளைப் பிள்ளையார் கோவிலுக்குத் திரும்பும் சந்தி வரைக்கும்தான். அந்தச் சந்தியில் பஸ்ஸில் இருக்கிற சனம் எல்லாம் கும்பிடும். நானும் ஏழு வருடம் புட்போட்டில் நின்று கும்பிட்டவன். பிள்ளையார் கும்பிடு ஒரு கையால் முடிகிற காரியமா? வலக்கை இடப்பொட்டுக்கும் இடக்கை வலப்பொட்டுக்கும் போக வேண்டும். போயின. மூன்று குட்டுக் குட்டினேன்.

குட்டி முடித்துப் பார்த்தபோது துரை என் மடியில் பாதி விழுந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். பஸ் மணலில் புதைந்து நின்றது.

“என்ன மனிசனடா நீ! பஸ் ஓடக்குள்ள நீ கையை விட்டா ஆரு ஸ்டியரிங்கப் பிடிக்கிற?”

“பிள்ளையார் பிடிப்பார், துரை.”

“அவரிட்ட லைசன்ஸ் இருக்கா?”

மிச்சத் தூரத்தைப் பின் சீட்டில் வந்த பழைய றைவர்தான் ஓட்டினார்.

2. கண்

ஹாஜியாருக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன. “அப்ப கும்பிடாம ஓடன் கா!”

அது லேசான காரியமில்லை. அதற்கு முந்தின வருடம் பதிலுக்கு வந்த றைவர் ஒருவன் அந்தச் சந்தியைக் கும்பிடாமல் கடந்தான். அன்றைக்கே டயர் வெடித்தது. அடுத்த நாள் வெற்றிலைக் கட்டோடு நின்ற பெண்கள் அவன் முகத்தைப் பார்த்ததும், “இவன்ட பஸ்ஸில ஏறமாட்டம். நாங்க நடந்தே போறம்” என்று திரும்பிவிட்டார்கள். அவன் ஒரு கிழமைகூட நிற்கவில்லை. இதைச் சொன்னதும் ஹாஜியார் தாடியைத் தடவினார்.

“கும்பிட்டா லைசன்ஸ் இல்ல. கும்பிடாட்டி ஆக்கள் இல்ல. நல்ல தொழில்தான் பாத்திரிக்கம்!”

இரண்டாம் முறை சந்தி வந்ததும் நான் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கையை எடுக்கவே இல்லை. மனதுக்குள்தான் கும்பிட்டேன். மனதுக்குள் கும்பிடும்போது கண் தானாக மூடிக்கொள்ளும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. துரை கத்திய கத்தில் திறந்து பார்த்தால், பிரேக்கில் ஏறி நிற்கிற என் காலுக்கும் றோட்டில் படுத்திருந்த எருமைக்கும் இடையில் ஒரு பாய் அகலம்கூட இல்லை.

“போன முறை கையில்ல. இந்த முறை கண்ணில்ல. அடுத்த முறை தலையில்லாம வரப்போறியா?”

3. கச்சேரியில்

இனி ஒரு முறைதான் மிச்சம். ஏறாவூர் மச்சினன் காத்தான்குடிக்கு வந்து பஸ்ஸைச் சுற்றிப் பார்த்துவிட்டும் போயிருந்தான். மட்டக்களப்பு அரசாங்க அலுவலகமான கச்சேரியில் ரூல் புத்தகம் வைத்திருந்த கிளாக்கரிடம் போய், அதைத் தமிழில் வாசித்துச் சொல்லும்படி கெஞ்சினேன். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வாசித்தார்.

“வாகனம் ஓடும்போது சாரதி கையையோ கவனத்தையோ...”

“ஐயா, ஓடும்போதா? நிண்டா?”

“நிண்டா அது வாகனமில்ல மனே, சும்மா குந்துற வாங்கு. நீ என்னவும் செய்.”

“துரை சொல்லாம நான் நிப்பாட்டினா?”

அவர் இரண்டு பக்கம் புரட்டினார். “அதப்பத்தி இதில ஒண்டும் எழுதல்ல. துரைட மனசு போல.”

துரையின் மனது எப்படி என்று எனக்கு ஏற்கெனவே இரண்டு முறை தெரிந்திருந்தது. வேறு வழியும் இருக்கவில்லை.

மூன்றாம் முறை, சந்திக்கு முன்னாலேயே வெளியே கையை நீட்டிச் சைகை காட்டினேன். வேகத்தைக் குறைத்து ஓரமாக எடுத்து, ஹாண்ட்பிரேக்கை இழுத்து, கியரை நியூட்ரலில் போட்டேன். இறங்கிச் செருப்பைக் கழற்றினேன். குட்டினேன். வந்ததே வந்தோம், எதற்குக் குறை வைக்க வேண்டும் என்று மூன்று தோப்புக்கரணமும் போட்டேன். ஏறி, பின்னால் பார்த்து, சைகை காட்டி எடுத்தேன். கல்முனை போய்ச் சேர்வதற்குள் என் சட்டை முதுகோடு ஒட்டிப் போயிற்று.

இறங்கியதும் துரை கேட்டார்: “நான் சொல்லாம ஏன் நிப்பாட்டின?”

“ஓடக்குள்ள கும்பிடாத எண்டு ரெண்டு தரம் சொன்னீங்க, துரை. கும்பிடாத எண்டு ஒருக்காவும் சொல்லல்ல.”

“நாளைக்கு முப்பது பேர் பஸ்ஸுக்குள்ள இருந்து அவசரப்படுத்துவாங்க. அப்பவும் நிப்பாட்டுவியா?”

“ஓம் துரை.”

“மழையிலயும்?”

“மழையிலயும்.”

மட்கார்ட்டில் கடதாசியை வைத்துக் கையெழுத்துப் போட்டார். நான் அழுதுவிட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் அழுதேன்.

4. முதல் ஓட்டம்

முதல் நாள் ஹாஜியார் முன் சீட்டில் ஏறிக்கொண்டார். சந்தியில் நிறுத்தினேன். வெற்றிலைக்காரப் பெண்கள் உள்ளே இருந்தபடியே குட்டிக்கொண்டார்கள். நான் இறங்கும்போது ஹாஜியார் மெல்லச் சொன்னார்: “வடிவாக் கும்பிடு தம்பி. பஸ் என்ட.”

அடுத்த மாதம் கல்முனை பஸ் தரிப்பில் துரை என் பஸ்ஸைத் தேடி வந்தார். முகம் சிவந்திருந்தது.

“இண்டைக்கு நாலு பேருக்குச் சோதனை. நாலு பேரும் அந்தச் சந்தியில நிப்பாட்டி இறங்கிட்டாங்க. ஒருத்தன் காத்தான்குடி முஸ்லிம் பொடியன். ‘நீ ஏன்டா நிப்பாட்டின?’ எண்டு கேட்டன். ‘இதுவும் சோதனையில ஒரு பாகம் எண்டு சொன்னாங்க துரை’ எண்டான்!”

“அவனுக்கு என்ன போட்டீங்க, துரை?”

“பாஸ்தான். நாலு பேரும் சைகை காட்டி, ஓரம் எடுத்து, பிரேக் போட்டு, பின்னால பாத்து எடுத்தாங்க. இத்தின வருசமா நான் தொண்டை கிழியக் கத்தியும் ஒருத்தனும் அத ஒழுங்காச் செய்யல்ல.”

தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார்.

தம்பிமாரே, நான் படித்த பாடம் இவ்வளவுதான்: ரூலைத் திட்டுமுன் ஒருக்கால் வாசித்துப் பாருங்கள். ஓடும்போது ஓட்டுங்கள், கும்பிட வேண்டுமென்றால் நிறுத்துங்கள். நான் பஸ்ஸை விட்டு இறங்கும் நாள் வரைக்கும், மழையிலும், அந்தச் சந்தியில் நிறுத்தினேன். துரைக்குக் கொடுத்த வாக்கு அது.

அன்றைக்குப் போகும்போது துரை திரும்பி நின்று சொன்னதையும் எழுதிவிடுகிறேன்: “உன்ட பிள்ளையாரிட்டச் சொல்லு. லைசன்ஸ் இல்லாட்டியும் பரவாயில்ல, பரிசோதகர் வேலைக்கு அவர் பாஸ்.”