மெடார்ட் துலக்கிய சுவர்

ஆல்ப்ஸ் சரிவில் தொற்றிக்கொண்டிருக்கும் அந்தச் சிற்றூரில் பூசைக்கு மட்டம் போடலாம். மே மாத ஊர்வேலைக்கு முடியாது. வீட்டுக்கு ஓர் ஆள் வந்தே தீர வேண்டும்.

பதினாறு வருடங்களுக்கு முன் மெடார்டுக்கு வாய்த்த பங்கு, தேவாலயத்துக்குக் கீழே உள்ள கற்சுவர். கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, கல்லிடுக்குச் செடிகளை ஓர் இலை மிச்சமில்லாமல் சுரண்டி எடுத்தார். ஊரே மெச்சியது. அந்தத் தடித்த இலைகளைத் தின்றுதான், வெள்ளை இறக்கையில் சிவப்புப் பொட்டு வைத்த அப்போலோ வண்ணத்துப்பூச்சியின் புழு வளரும் என்பது, அடுத்த கோடையில் ஒன்றுகூட வராதபோதுதான் தெரிந்தது.

அதிலிருந்து வெள்ளையாக எது அசைந்தாலும் மெடார்ட் நின்றுவிடுவார். ஒருநாள் துணிக்கொடி முன் கால்மணி நேரம் நின்றார்.

"ஏங்க, அது என் உள்பாவாடைங்க," என்றாள் மனைவி கிரெசென்ஸ். "வேணும்னா ரெண்டு செவப்புப் பொட்டு வச்சுத் தரட்டுமா?"

சரிவை மூடிய புதர்களை வெட்டினார். இடுக்கு இடுக்காக அதே செடியை நட்டார். இந்த ஏப்ரலில், சுவரில் வெயில் பட்ட நேரத்தில், ஆரஞ்சுப் புள்ளி வைத்த கறுப்புப் புழுக்கள் மூன்று கண்ணில் பட்டன. யாரிடமும் சொல்லவில்லை.

ஊர்வேலை நாளில் மேற்பார்வைக்கு வந்த ஆல்பன் கையில் கம்பி பிரஷ். அன்று தேய்த்த அதே பிரஷ்; பிடியில் மெடார்டின் வீட்டு அடையாளக்குறி! வீட்டில் வைத்திருக்கப் பயந்து, ஊர்க் கொட்டகைக்கு அவரே தள்ளிவிட்டது. மெடார்ட் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டார்.

"நகருங்க மாமா. நாளைக்கு பிஷப் வர்றாரு. சுவரு தாடி வளத்துக்கிட்டு நின்னா நல்லாவா இருக்கு?"

"மொதல்ல உன் தாடிய மழிச்சிட்டு வா."

"உங்கள மாதிரி இதைத் துலக்க ஆளே இல்லைன்னு எங்கப்பா இன்னும் பெருமையா சொல்றாரு!"

மெடார்டின் முகம் வெளுத்தது. "தேய்க்கறப்போ நறநறன்னுச்சுடா, ஆல்பன். மணல்னு நெனச்சேன்."

சற்று விலகிப் புழுக்களைக் காட்டினார். ஆல்பன் குனிந்து பார்த்தான். பிரஷ்ஷை மெதுவாகப் பைக்குள் வைத்தான்.

"பிஷப்ப அந்தப் பக்கமா கூட்டிட்டுப் போறேன். நெழலா இருக்கும்."

ஜூலையில் சுவர்மேல் ஓர் அப்போலோ எழுந்தது. வெள்ளை இறக்கை, சிவப்பு வட்டங்கள். கிரெசென்ஸ் சிலுவை போட்டுக்கொண்டாள். ஊர் அண்ணாந்து பார்த்தது.

மெடார்ட் மட்டும் பார்க்கவில்லை. மூன்று புழு, ஒரு வண்ணத்துப்பூச்சி; மீதி இரண்டு? சுவரைப் பிடித்துக்கொண்டு, இடது காலைத் தூக்கிச் செருப்பின் அடியைப் பார்த்தார். பிறகு வலது காலை.